இருநூற்றுப் பத்து நம்பர்கள்

எங்கள் ஊரில் யாரும் இன்னொருவரை முந்திக்கொண்டு ஒரு வாசலுக்குள் நுழையமாட்டார்கள். தபால் ஆபீசானாலும் தீவனக் கடையானாலும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறவருக்காக நிற்பார்கள். அவர் நூறடி தள்ளி வந்தாலும் நிற்பார்கள். நம்மால் ஒருத்தர் காத்து நிற்கிறாரே என்று அவரும் மூச்சிரைக்க ஓடி வருவார். இப்படி வளர்ந்த ஜனங்களை வைத்துக்கொண்டு ஒரு மின்சாரக் கேட்டை நடத்துவதுதான் வெர்னா ஸ்டக்கியின் பிழைப்பு.

வெர்னா, செவன் மைல் வாடகைக் கிடங்கின் மேலாளர். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில், தகரக் கூரை போட்ட ஆறு நீளக் கட்டடங்கள். ஆரஞ்சு நிற ஷட்டர் போட்ட இருநூற்றுப் பன்னிரண்டு அறைகள். வீட்டில் கொள்ளாத சாமான்களை மாத வாடகைக்கு அங்கே போட்டு வைக்கலாம். ஓக்லஹோமாவில் வீடுகளுக்கு என்ன இடப் பஞ்சமோ தெரியாது, இரண்டு அறைகளைத் தவிர எல்லாம் நிரம்பியிருந்தன. நான் வாரத்தில் மூன்று நாள் அங்கே போய்க் காலியாகும் அறைகளைப் பெருக்குவேன். சந்துகளில் காற்று உருட்டிக்கொண்டு வந்து சேர்க்கும் காய்ந்த முட்செடிகளை அள்ளிப் போடுவேன். மற்ற நேரத்தில் ஆபீசில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். நான் அதிகம் பேசாததால் நான் இருப்பதையே பல பேர் மறந்துவிடுவார்கள்.

வெர்னாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கணவர் லீலண்டோடு அந்த வேலைக்கு வந்தாள். அதற்கு முன் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் கிடங்குக்காரர்கள் தம்பதியாகத்தான் ஆள் எடுப்பார்கள். புருஷன் பழுது பார்க்க, பெண்டாட்டி ஆபீஸ் பார்க்க, ஆபீசுக்குப் பின்னாலேயே இரண்டு அறை வீடு. மூன்றாவது வருஷம் லீலண்ட், படகு வியாபாரம் செய்யப்போகிறேன் என்று ஆர்கன்சாவுக்குப் போனார். போய் ஒரு மாதம் கழித்துப் போன் செய்து, தன் பழைய படகை மட்டும் யாரிடமாவது அனுப்பிவைக்கச் சொன்னார். வெர்னா அனுப்பிவைத்தாள். துடுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டாள். அவை இன்னும் அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

மகள் டல்சாவில் இருக்கிறாள். "இங்க வந்துடும்மா" என்று வாரா வாரம் கூப்பிடுவாள். வெர்னா போகமாட்டாள். "அவ வீட்டுல நான் எத்தன சிகரெட் குடிக்கறேன்னு எண்ணுவா. இங்க யாரும் எண்ண மாட்டாங்க. எனக்கு இந்த ரெண்டு ரூம் போதும்" என்பாள்.

போன வருஷம் டாலஸ் நகரத்துக் கம்பெனி ஒன்று கிடங்கை வாங்கியது. வாங்கிய கையோடு ஒவ்வொரு ஷட்டருக்கும் ஓர் அலாரம் வைத்தார்கள். ஒவ்வொரு வாடகைதாரருக்கும் முன்பிருந்தே தனி நம்பர் உண்டு. கேட்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் பொத்தான்களில் அதை அடித்தால் கேட் திறக்கும். இப்போது கூடவே அவருடைய அறையின் அலாரமும் அடங்கிவிடும். அடிக்காமல் உள்ளே வந்து ஷட்டரைத் தூக்கினால், திருடன் என்று நினைத்து அது ஊரைக் கூட்டும். கம்பெனியின் காவல் அறைக்குச் செய்தி போகும். அவர்கள் உடனே ஷெரிஃப் ஆபீசைக் கூப்பிடுவார்கள். வெர்னா பக்கத்தில் நின்றுகொண்டு, "திருடன் இல்லை, டெல்பர்ட் டட்டில்" என்று கத்தினாலும் அதை நிறுத்த அவளுக்கு அதிகாரம் கிடையாது.

காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? முன்னால் வருகிறவர் நம்பர் அடித்து உள்ளே போவார். போனவர் போகக்கூடாதா? கேட் மூடாதபடி ட்ரக்கைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு, பின்னால் வருகிறவரைக் கை காட்டி அழைப்பார். பின்னால் வருகிறவரும், ஒருத்தர் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடும்போது நின்று பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பது அழகில்லை என்று நேரே உள்ளே வந்துவிடுவார். இரண்டு நிமிஷத்தில் அலாரம் அலறும்.

டெல்பர்ட் டட்டில் எழுபத்து நாலு வயதுக்காரர். தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து, தன் அறை ஷட்டரைத் தூக்கி, வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, ரேடியோவில் மாட்டு விலை கேட்பார். அவரிடம் இப்போது மாடு கிடையாது. வீட்டில் மனைவி ஆர்லீன் தொலைக்காட்சியை விடமாட்டாள் என்பதால் ரேடியோவுக்கு ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அவர் அலாரத்தை முதல் தடவை அடிக்க வைத்தபோது நான் அங்கேதான் இருந்தேன்.

"டெல்பர்ட்டு, நம்பர் அடிச்சீங்களா?" என்று வெர்னா கேட்டாள்.

"முன்னால போன ஹேஸல் கேட்ட பிடிச்சுக்கிட்டு நின்னா. அவள நிக்க வெச்சுட்டு நான் பொத்தான அமுக்கிக்கிட்டிருக்கணுமா?"

"ஆமா."

"நல்லாயிருக்காதும்மா."

"நல்லாயில்லாம இருங்க. ஒரு நாளைக்கு நல்லாயில்லாம இருந்துதான் பாருங்களேன்."

இரண்டு வாரம் கழித்து அவரே இன்னொரு தடவை. மூன்றாவது, மெதடிஸ்ட் தேவாலயத்துப் பெண்கள். யாராவது செத்துப்போனால் அடக்கம் முடிந்து வருகிற கூட்டத்துக்குச் சமைத்துப் போடும் பெரிய பாத்திரங்களை நாற்பதாம் நம்பர் அறையில் வைத்திருந்தார்கள். மூன்று காரில் வந்து, முதல் கார் நம்பர் அடிக்க, மற்ற இரண்டும் பின்னாலேயே நுழைந்தன. முதல் காரில் இருந்தவள் அடித்தது அவளுடைய சொந்த அறையின் நம்பர். நாற்பதின் நம்பர் கடைசிக் காரில் இருந்தவளுக்குத்தான் தெரியும். பதினைந்து பவுண்டு பன்றித்தொடை வேகும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்கள் அலாரச் சத்தத்தில் நின்ற கோலத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். வெர்னாவுக்கு வராது.

நான்காவது, துணை ஷெரிஃப் ராய்ஸின் மனைவியே. கிறிஸ்துமஸ் விளக்குகளை எடுக்க வந்தாள், அதுவும் ஏப்ரல் மாதத்தில். விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு வந்து இறங்கிய ராய்ஸ், மனைவியைப் பார்த்தார், வெர்னாவைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இனிமே ஒரு தடவ சும்மா கூப்பிட்டா எங்க ஆபீஸ்லேந்து யாரும் வரமாட்டாங்களாம் வெர்னா. பேப்பர்ல எழுதியே குடுத்துட்டாங்க."

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு ராய்ஸ்."

"நீ சொல்லேன். நீ சொன்னா கேப்பா."

"போன மாசமே சொன்னேன். மறுநாள் கேக் செஞ்சு கொண்டாந்து குடுத்தா. நம்பர் மட்டும் அடிக்கமாட்டேங்கறா."

அந்தப் பேப்பர் டாலஸுக்கும் போனது. மேற்பார்வையாளர் டிரெண்ட் என்பவர் போன் செய்தார். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயது இருக்கும். ஆபீஸ் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும் என்பதால் எனக்கும் கேட்டது.

"மேடம், ஜூன் முப்பதுக்குள்ள இன்னொரு பொய் அலாரம் அடிச்சா, அங்க மேலாளரே வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். கேமரா வெச்சு எல்லாத்தையும் இங்கருந்தே பாத்துப்போம்."

"வீடு?"

"அதையும் இடிச்சு அறைகளா ஆக்கிடுவோம். எட்டு அறை வரும்."

"எட்டு வராது. ஆறுதான் வரும். நடுவுல தண்ணிக் குழாய் போகுது" என்றாள் வெர்னா. போனை வைத்த பிறகு எழுந்து போய், ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

அவள் இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பரிதாபப்படுவார்கள், பரிதாபப்பட்டால் சாப்பாடு கொண்டு வருவார்கள் என்றாள். அதற்குப் பதில் பலகை எழுதி வைத்தாள். ஒரு வண்டிக்கு ஒரு நம்பர் என்று முதல் பலகை. தயவுசெய்து பின்னால் வருகிறவரை அழைக்காதீர்கள் என்று இரண்டாவது. மூன்றாவதில் தயவுசெய்து இல்லை. ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் தானே ஒரு நாற்காலியைப் போட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவம், வெயிலில் உட்கார்ந்திருக்கிறாளே என்று ஆளுக்கொரு கோப்பை ஐஸ் போட்ட தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் கொடுப்பதற்காக வண்டியைக் கேட்டிலேயே நிறுத்த, பின்னால் வரிசை கட்டிவிடும்.

நிறுத்தி நம்பர் அடிக்க வைத்தால் அடுத்த தொல்லை. பாதிப் பேருக்கு நம்பர் நினைவிருக்காது.

"வெர்னா, என்னோடது என்ன?"

"உங்க நம்பர் எனக்குத் தெரியக்கூடாது ஹேஸல்."

"தெரியக்கூடாதுதான். ஆனா என்னது?"

"நாலு, நாலு, ஒண்ணு, ஒம்போது" என்பாள் வெர்னா, பல்லைக் கடித்துக்கொண்டு.

கம்பெனியின் விதிப் புத்தகத்தில் அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. வாடகைதாரரின் நம்பர் மேலாளருக்குத் தெரியக்கூடாது. ஆனால் பதினான்கு வருஷமாக ஒவ்வொருவரும் அவளிடம்தான் வந்து, நான் மறந்துவிடுவேன், நீ நினைவு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே தலையில் ஏறிவிட்டது. பஸ் ஓட்டியபோது எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் இறங்கும் என்று நினைவு வைத்திருந்த தலை.

ஜூன் இருபத்தாறு, திங்கட்கிழமை, மாலை நான்கு மணிக்கு மேற்கே வானம் பச்சையாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்தப் பச்சைக்கு ஒரே அர்த்தம்தான். ரேடியோவும் சொன்னது, ஆலங்கட்டி வருகிறது, எலுமிச்சம்பழம் அளவுக்கு. எலுமிச்சம்பழம் அளவு என்றால் ட்ரக்கின் முன் கண்ணாடி போய்விடும், கூரை அம்மைத் தழும்பு விழுந்த முகம் போலாகிவிடும். வண்டிகளைத் தகரத்துக்கு அடியில் கொண்டுபோக வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு எங்கள் கிடங்குதான் தகரம். ஷட்டரைத் தூக்கி, சாமான்களை ஓரம் தள்ளி, அறைக்குள்ளேயே வண்டியை விட்டுவிடுவார்கள்.

ஐந்து நிமிஷத்தில் கேட்டின் முன்னால் இருபத்து மூன்று வண்டிகள். நான் ஜன்னல் வழியாக எண்ணினேன். முதலில் டெல்பர்ட். அவர் நம்பரை அடித்தார், உள்ளே போனார், வண்டியைக் குறுக்கே நிறுத்தினார், கையை வெளியே நீட்டிப் பின்னால் இருந்தவரை அழைத்தார்.

வெர்னா டாலஸுக்குப் போன் போட்டாள், அலாரங்களை ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்லி. ஆள் யாரும் எடுக்கவில்லை, காத்திருக்கச் சொல்லிப் பாட்டு பாடியது. இன்னும் பாட்டு பாடியது. முதல் கட்டி தகரத்தில் விழுந்து துப்பாக்கிச் சத்தம் போலக் கேட்டது. வெர்னா போனை அப்படியே பாடவிட்டுவிட்டு, பாத்திரம் கழுவும் அலுமினியத் தொட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"டெல்பர்ட்டு, வண்டிய எடுங்க."

"பின்னால சின்னப் பொண்ணு வர்றாம்மா, ஜன்னல் வேற ஏத்த முடியல அவளுக்கு. அவ போகட்டும்."

"அவ போவா. நீங்க நகந்தாத்தான் போவா."

"இல்ல சார், நீங்க முதல்ல நிறுத்திக்குங்க" என்று பின்னால் இருந்த பெண் தலையை நீட்டிச் சொன்னாள்.

"இல்லம்மா, நீ போ."

"கடவுளே, யாராவது ஒருத்தர் போய்த் தொலைங்க" என்றாள் வெர்னா.

டெல்பர்ட் முகம் சுருங்கிப்போய் நகர்ந்தார். வெர்னா கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வண்டி நிற்பதற்குள் அதன் நம்பரைத் தானே அடித்தாள். அது போனதும் அதற்கடுத்ததை. தொட்டி கண்ணை மறைத்ததால் வருவது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைக் கத்திச் சொல்லச் சொன்னாள். நான் ஆபீஸ் வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கத்தினேன். ஹேஸல். ராய்ஸ் மனைவி. தேவாலயத்து வேன். பெயரை நான் முழுதாகச் சொல்லி முடிக்குமுன் அவள் விரல் அடித்து முடித்திருந்தது. ஆலங்கட்டி தொட்டியில் விழுந்து எழுப்பிய சத்தத்தில் அவள் என்ன திட்டினாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. அது நல்லதுதான்.

இருபத்து மூன்று வண்டியும் உள்ளே போயின. ஓர் அலாரம்கூட அடிக்கவில்லை. வெர்னாவின் இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீலம் பூத்துவிட்டது. தொட்டி இனிமேல் தொட்டியாக உதவாது.

மறுநாள் காலை டிரெண்ட் கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று நான் நினைத்தேன்.

"மேடம், நேத்து ஆறு நிமிஷத்துல இருபத்து மூணு நம்பர் பதிவாகியிருக்கு. கேமராவுல பாத்தா முதல் ஒண்ணத் தவிர எல்லாத்தையும் ஒரே ஆள் அடிக்கறாங்க. தலையில ஏதோ இருக்கு."

"தொட்டி."

"உங்களுக்கு எத்தன பேரோட நம்பர் தெரியும்?"

"இருநூத்திப் பத்து."

"மீதி ரெண்டு?"

"ரெண்டு ரூம் காலியா இருக்கு."

அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு டிரெண்ட் மெதுவாகச் சொன்னார்: "மேடம், இது அலாரத்த விடப் பெரிய விஷயம். எல்லார் நம்பரும் ஒருத்தர் தலைக்குள்ள இருந்தா, நாங்க பூட்டு வெச்சதுக்கு என்ன அர்த்தம்?"

"என் தலையும் பூட்டித்தான் இருக்கு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் நேர்ல வந்து புது நம்பர் வெச்சுக்கணும். அதுல ஒண்ணுகூட உங்களுக்குத் தெரியக்கூடாது. நான் கேமராவுல பாத்துக்கிட்டேயிருப்பேன். இல்லேன்னா அன்னிக்கு சாயங்காலமே வீட்டோட சாவிய ஒப்படைச்சிடுங்க."

வெர்னா அன்று முழுதும் போன் செய்தாள். இருநூற்றுப் பத்துப் பேர். எல்லோரும் முதலில் கையைப் பற்றி விசாரித்தார்கள், பிறகு புது நம்பரைப் போனிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள். வாயைத் திறக்காதீர்கள், நேரில் வந்து அடியுங்கள் என்று அவள் தொண்டை கட்டிப்போகும்வரை சொன்னாள்.

புதன் காலையிலிருந்து அவள் கம்பத்துக்குப் பதினைந்து அடி தள்ளி, கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி, முதுகைக் காட்டி நெடுஞ்சாலையைப் பார்த்து நின்றாள். வாடகைதாரர்கள் ஒவ்வொருவராக வந்து அடித்தார்கள். உதவி கேட்டால் நான் காட்டினேன். கேமராவில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேமராவுக்குக் காது கிடையாது.

டெல்பர்ட்டுக்கு ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொல்லாமல் அடிக்க வராது. "ரெண்டு. ஏழு. ரெண்டாயிரத்து ஒம்போதுல வர்ற ஒம்போது…"

"டெல்பர்ட்டு, மனசுக்குள்ள."

"மனசுக்குள்ளதாம்மா சொல்றேன். பேத்தி பொறந்த நாள். நீ கேக்காதே."

ஹேஸல், நம்பரைச் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு, "எங்க பழைய நாய் செத்த வருஷம்தான், உனக்கே தெரியுமே" என்றாள். நாயைப் புதைக்கக் குழி தோண்டியதே வெர்னாதான். தேவாலயத்துப் பெண்களில் மூத்தவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று சொன்னாள்: "உன்கிட்ட சொல்லக்கூடாதாமே கண்ணு. நான் சொல்லல. ஆனா உன் பொறந்த நாளத்தான் வெச்சிருக்கேன். உனக்கு மறக்காதுல்ல."

வெர்னா காதில் பஞ்சு வைத்தாள். காது வலி போலிருக்கிறது என்று மதியத்துக்குள் மூன்று பேர் மருந்துப் புட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். பஞ்சை எடுத்துவிட்டுப் பாட்டுப் பாட ஆரம்பித்தாள். அவளுக்குப் பாட வராது. அடிக்கிறவர்கள் பாட்டுக்கு மேலே குரலை உயர்த்தினார்கள். வியாழக்கிழமை சிலர் புத்திசாலித்தனமாக என் காதில் கிசுகிசுத்தார்கள். "நெட்டி, நீ ஞாபகம் வெச்சுக்க. அவகிட்ட சொல்லிடாதே." அப்படி எனக்கு முப்பது நாற்பது தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

வெள்ளி மாலை ஐந்து மணிக்குக் கடைசி ஆள் அடித்துவிட்டுப் போனார். வெர்னா உள்ளே வந்து ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"மூணு நாளும் பாத்தேன் மேடம். ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல நீங்க" என்றார் டிரெண்ட். "ஒண்ணாவது உங்களுக்குத் தெரியுமா?"

வெர்னா என்னைப் பார்த்தாள். நான் துடைப்பத்தைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணையும் பாக்கல சார்."

"ரொம்ப சந்தோஷம். அலாரமும் அடிக்கல. நீங்க அங்கயே இருக்கலாம்."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். சந்தோஷப்பட்ட மாதிரியே தெரியவில்லை. "பழசே இன்னும் போகல நெட்டி" என்றாள். "இப்ப புதுசு வேற வந்து உக்காந்திருக்கு. ராத்திரி படுத்தா ஓடுது, ஜோடி ஜோடியா." பிறகு எழுந்து போய் பீன்ஸைக் கிளறினாள். எனக்கும் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு டெல்பர்ட் வந்தார். கம்பத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் கையை நீட்டினார். கை அப்படியே நின்றது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"வெர்னா, என்னோடது என்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதா?"

"தெரியாது. உங்க பேத்தி பொறந்த நாள் என்னிக்குன்னு யோசிங்க."

"அதெல்லாம் ஆர்லீனுக்குத்தாம்மா தெரியும்."

வெர்னாவின் வலது கை மேசை மேல் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அதன் ஆட்காட்டி விரல் மேசையை நாலு தடவை தட்டியது. அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"ஆர்லீனுக்குப் போன் பண்ணிக் கேளுங்க. நான் வெயிட் பண்றேன்."

அவர் பண்ணினார். ஆர்லீன் எடுக்க நேரமாயிற்று, தொலைக்காட்சிச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அவருக்குக் காது மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டார். ஆர்லீன் தேதியைச் சொன்னாள், மாதத்தைச் சொன்னாள், வருஷத்தைச் சொன்னாள், பிரசவம் எந்த ஊரில் ஆனது, எத்தனை மணி நேரம் வலி என்பதையும் சொன்னாள். பின்னால் நின்ற மூன்று வண்டிக்காரர்களும் ஜன்னலை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்னா ஆபீஸ் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காப்பி போடப் போனாள்.